முப்பத்தோராம் பக்கம்

தாள் திரும்புகிறது. இருபதும் இருபத்தொன்றும் இப்போது அவள் மடியில் விரிந்து கிடக்கும். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம். அச்சுத்தொழிலில் இன்னும் மாறாமல் இருக்கிற விதி அநேகமாக இது ஒன்றுதான். இன்னும் ஐந்து முறை தாள் திரும்பினால் முப்பத்தொன்று வந்துவிடும். ஒரு தாளுக்கு ஏழு நிமிடம். காலையிலிருந்து இந்த அறையில் உட்கார்ந்து கணக்கு வைத்ததில் அதிகபட்சம் எட்டு, குறைந்தபட்சம் ஆறு. அக்கா வாயசைத்துப் படிப்பவள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு முப்பது வருடம் கத்தியவளுக்கு உதடு அசையாமல் எழுத்து உள்ளே இறங்காது. கண்புரை எடுத்துப் பதினாறு நாள் ஆகிறது. ஆபரேஷனுக்காக மாயவரத்திலிருந்து வந்தவளை, கண் ஆறுகிற வரை இங்கேயே தஞ்சாவூரில் இருக்கட்டும் என்று நான்தான் பிடித்து வைத்தேன். நேற்றுத்தான் புதுக் கண்ணாடி வந்தது. இன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் கூரியரில் என் புத்தகம் வந்தது, எழுத்தாளர் பிரதிகள் பத்து. கட்டைப் பிரித்தவள் அவள்தான். காய் நறுக்குகிற கத்தியால் டேப்பை அறுத்து, மேலே இருந்த பிரதியை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆபரேஷன் ஆன கண்ணுக்கு முதல் போணி உன்னோடதுதான்டா சபேசா" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அறுபத்தோரு வயதில், நான்காவது தொகுப்பில், ஒருத்தி புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு அரை மணி கழித்து நான் என் பிரதியைத் திறந்தேன். புதுப் புத்தகம் வந்தால் எழுதினவன் முதலில் தேடுவது தன் பெயரை, அடுத்துப் பிழையை. பெயரைத் தேட வேண்டியிருந்தது, அட்டை ஓவியம் அதை விழுங்கியிருந்தது. பிழையைத் தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானாகவே அங்கே திறந்துகொண்டது. முப்பத்தோராம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. தையல் நாயகிக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

கதையில் வருகிறவள் வசந்தா. ஒன்பது பக்கக் கதையில் நாற்பத்தோரு இடத்தில் வசந்தா. நாற்பத்திரண்டாவது இடத்தில் தையல்நாயகி. தையல்நாயகி என்பது அதோ ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருக்கிற என் அக்கா. எங்கள் பக்கத்து அம்மன் பெயர். அறுபது வயதுக்குக் கீழே யாருக்கும் இப்போது இந்தப் பெயர் கிடையாது, ஆகவே வேறு யாரோ ஒரு தையல்நாயகி என்று சமாளிக்க வழியில்லை. இருபத்தெட்டு வருடம் ஒரு நாளிதழில் புரூப் பார்த்தவன் நான். மந்திரி பெயரில் ஒரு துணைக்கால் கூடிவிட்டால் நள்ளிரவில் மிஷினை நிறுத்த வைத்திருக்கிறேன். இதை மூன்று முறை புரூப் பார்த்தேன், மூன்று முறையும் கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஏனென்று தெரியும். ஐந்து வயதிலிருந்து பழகின பெயர், அது அங்கே இருப்பது தப்பு என்று கண்ணுக்குத் தோன்றவில்லை. இதற்குத்தான் சொந்தப் புத்தகத்தைச் சொந்தமாகப் புரூப் பார்க்கக் கூடாது என்பார்கள், நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடுத்தவனிடம் கொடுத்தால் அவன் புணர்ச்சியைக் கெடுப்பான். நான் கெடுக்கவில்லை பார், ஒற்றெல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. தையல் நாயகிக்குக் கேட்டது. க் இருக்கிறது. பிரமாதம்.

என் வழக்கம்தான் காரணம். முதல் படியில் நிஜப் பெயர்களைப் போட்டுத்தான் எழுதுவேன். கற்பனைப் பெயர் வைத்தால் அந்த ஆள் உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவதில்லை, கல்யாண வீட்டில் தெரியாதவர்கள் பந்தியில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். அக்காவைத் தையல்நாயகி என்றே, அப்பாவை அவர் பெயரிலேயே, அவர்கள் பாட்டுக்கு நடமாட விட்டு, எல்லாம் முடிந்து, கடைசி நாளில் பெயர்களை மாற்றுவேன். கையெழுத்துப் பிரதியாக இருந்த காலத்தில் இதை ஒரு சடங்காகவே செய்தேன், சிவப்பு மையில், ஒவ்வொன்றாக அடித்து. இப்போது கம்ப்யூட்டர். அச்சுக்குத் தட்டுகிற பெண் ஒரு பொத்தானை அமுக்கினாள், நாற்பத்தோரு தையல்நாயகியும் கண்மூடித் திறப்பதற்குள் வசந்தா ஆகிவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் தட்டும்போது பெயருக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது, இயந்திரத்துக்கு அது வேறு யாரோ. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னேன், பத்தரைக்குப் பதிப்பாளர் குணசேகருக்கு ஃபோன் போட்டு அவளைத்தான் முதலில் குறை சொன்னேன், அது வேறு. "சார், ஒரே ஒரு எடத்துல பேரு மாறியிருக்கு, அவ்ளோதானே?" என்றார். மாறவில்லை குணசேகர், அதுதான் பிரச்சினை என்றேன். "முந்நூறு காப்பியும் பைண்டிங் ஆயிடுச்சு சார். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்." அடுத்த பதிப்பு. என் முதல் தொகுப்பின் முதல் பதிப்பே அவருடைய கிடங்கில் பதினான்கு வருடமாகக் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது, போன வருடம் வெள்ளம் வந்தபோது அதன் மேல்தான் ஃபிரிட்ஜைத் தூக்கி வைத்தார்களாம், ரொம்ப உதவியாக இருந்தது என்று அவரே சொன்னார். "கவலைப்படாதீங்க சார், யாருமே கவனிக்க மாட்டாங்க." என் எழுத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் வந்த விமர்சனங்களில் இதுதான் துல்லியமானது. கவனிக்கிற ஒரே ஆள் ஹாலில் உட்கார்ந்து முதல் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வந்து, சொல்லாமல் வைத்தேன்.

தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று. முதல் கதை முடிந்து, வலப்பக்கத்தில் இரண்டாவது கதை தொடங்குகிறது. அந்தக் கதைதான். அதை இரண்டாவதாக வைத்தது என் சாமர்த்தியம். மதிப்புரை எழுதுகிறவர்கள் முதல் கதையைப் படிப்பார்கள், கடைசிக் கதையைப் படிப்பார்கள், தலைப்புக் கதை எங்கே இருந்தாலும் தேடிப் படிப்பார்கள். இரண்டாவது கதைதான் ஒரு தொகுப்பிலேயே பத்திரமான இடம். அக்கா மதிப்புரை எழுதுகிறவள் இல்லை என்பது கணக்கில் வரவில்லை. மேஜையில் ஒன்பது பிரதிகள். ஒன்றைத் திறந்து, முப்பத்தொன்றுக்குப் போய், பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே சின்ன எழுத்தில் வசந்தாவுக்கு என்று எழுதி, மை காய ஊதி, மூடி வைக்கிறேன். இப்படி ஆறு ஆயிற்று. என் அடித்தல் அழகாக இருக்கும், ஆபீஸில் சொல்வார்கள், சபேசன் அடித்தால் அடிபட்ட வார்த்தைக்கே வலிக்காது என்று. பாராட்டு இல்லை அது, கிண்டல், எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மீதி இருநூற்றுத் தொண்ணூறு பிரதிகளில் தையல்நாயகி அப்படியே இருப்பாள், இருக்கட்டும், அவர்களுக்கு அவள் யாரோ. பத்தாவது பிரதி ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

எழுந்து ஹாலுக்குப் போனேன். "கண்ணு வலிக்கலையாக்கா? டாக்டர் ரொம்ப நேரம் படிக்க வேண்டாம்னாரே." நிமிரவில்லை. "டிவி பாக்க வேண்டாம்னார், வெளிச்சம் அடிக்கும்னு. உன் கதையில வெளிச்சம் எங்கடா வருது?" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், இரண்டாம் வகுப்பில் முப்பது வருடம் பேச்சு வாங்காமல் பிழைத்தவள். "காப்பி போடட்டுமா?" "நீ போட்டா? வேண்டாம்பா, இந்த ஆயுசுக்கு ஒரு ஆபரேஷன் போதும்." "இல்ல, நீ வந்து போடு, சேந்து குடிக்கலாம்." "இரு. இந்தப் பக்கம் முடியட்டும்." நான் திரும்பி வந்துவிட்டேன். இந்தப் பக்கம் முடியட்டும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இந்த வரி முடியட்டும் என்று நான் சொல்லிக்கொண்டேன், அன்றைக்கு. வாய் விட்டு இல்லை. மாயவரம் வீட்டு முன்னறை, அதற்கு அடுத்து நடு அறை, அதில் அப்பாவின் இரும்புக் கட்டில், அதற்கும் பின்னால் அடுக்களை, அடுக்களைக் கதவைத் திறந்தால் சந்து. ரயில்வேயில் கார்டாக இருந்தவர், பக்கவாதம் வந்து ஆறு வருடம் அந்தக் கட்டிலில். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை, கேட்டிருந்தால் பதில் அந்தக் கட்டிலில் படுத்திருந்தது. நான் தஞ்சாவூரிலிருந்து மாதத்தில் ஒரு தடவை இரண்டு நாள் லீவு போட்டுப் போவேன், அக்காவுக்கு ஓய்வு கொடுக்க. அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். பையில் எப்போதும் ஒரு கதை இருக்கும். மே மாதம், சாப்பிட்டு முடித்து இரண்டரை மணி, அக்கா ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் புறப்பட்டாள், நான் லைப்ரரிக்குப் போகிறேன் என்று அவளுக்கு முன்னால் கிளம்பினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். லைப்ரரி பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும், எனக்கு நினைவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, சத்தம் போடாமல் முன்னறையில் உட்கார்ந்து கதையை எடுத்தேன். ஒரு பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்த கிழவியை யாரும் கவனிக்காமல் போவதைப் பற்றிய கதை. மனிதர்களின் அலட்சியத்தைப் பற்றி மிகவும் கோபமாக எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியை வைப்பதா எடுப்பதா என்பது கேள்வி.

யாரு இருக்கீங்க, என்றார் அப்பா. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, கீங்க என்பது கீயங்க என்று விழும். ரயில் கிளம்புவதற்கு முன்னால் கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கிற கார்டின் குரல் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யாரு இருக்கீங்க. அக்கா இப்போது வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கடைசிப் பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தால் என்ன. யாரு இருக்கீங்க. தம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். இந்த வரி முடியட்டும். எழுந்து போனால் அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டியிருக்கும், திரும்பி வரும்போது அந்த வாக்கியம் இருக்காது. வாக்கியங்கள் அப்படித்தான், நம் ஒருவரையே நம்பி இருப்பது போல் நடிக்கும். நான்கு தடவை. நான்காவதற்குப் பிறகு சத்தம் இல்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதைத்தான் நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. நிம்மதியாக இருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து வந்த நிம்மதி இல்லை அது. சத்தம் இல்லை, வேலை ஓடும் என்கிற நிம்மதி. ஓடியது. பத்தியை முடித்து, ஒரு முறை முழுவதும் படித்துப் பார்த்து, அரை மணி கழித்து உள்ளே போனேன். தம்ளர் தரையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். அப்புறம் நான் செய்தது செருப்பைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்து, பூட்டியிருந்த லைப்ரரி வரைக்கும் நடந்து, அங்கே கால் மணி நேரம் நின்றது. வீட்டுக்குத் திரும்பியபோது அக்காவின் அழுகை தெருமுனைக்கே கேட்டது. கடையிலேர்ந்து வந்து பாத்தா இப்படிக் கெடக்காரே என்று அழுதாள். நான் லைப்ரரியிலிருந்து வந்தேன். வெள்ளிக்கிழமை ஏதுப்பா லைப்ரரி என்று பிணம் பார்க்க வந்த அத்தனை பேரில் ஒருவர் கேட்டிருக்கலாம். கதையின் ஓட்டை என்பது எழுதினவனுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. இருபத்தாறு வருடம் ஆகிறது. கிழவி கதை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்துவிட்டது, கடைசிப் பத்தி தேவையில்லை என்ற குறிப்போடு.

தாள். சற்று முன்பே ஒன்று திரும்பியதோ? இருபத்தாறா, இருபத்தெட்டா? கணக்கு விட்டுவிட்டது. எப்படியும் இப்போது அவள் வசந்தாவைச் சந்தித்திருப்பாள். ஆறு வருடமாகப் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற தகப்பனைப் பார்த்துக்கொள்கிற வசந்தா. இதை முதலில் நான் என்றுதான் எழுதினேன். நானே, முன்னறையில், கதையோடு. பதினோரு பக்கம். படித்துப் பார்த்தேன், சகிக்கவில்லை. குற்றவுணர்ச்சியில் குளிக்கிற மகன்கள் தமிழ்ச் சிறுகதையில் ஏற்கெனவே ஒரு மகாமகத்துக்கு இருக்கிறார்கள். தன்னிரக்கம் சொட்டியது. அதுவும் எழுதுகிறவனைப் பற்றி எழுத்தாளன் எழுதுவது, போளி விற்கிறவன் போளியையே தின்று பசியாறுகிற மாதிரி. அப்போது தோன்றியது: இதையே அந்தப் பெண் செய்தால்? ஆறு வருடம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள், ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், கேட்டும் எழுந்திருக்காமல் இருந்தால்? தலைமயிர் சிலிர்த்தது. கதை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அவளை எங்கே வைப்பது என்று யோசித்து அடுக்களையின் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தேன், வலது கையை மடக்கித் தலைக்கு வைத்து. அக்கா அப்படித்தான் படுப்பாள், அது மட்டும் நிஜம். யாரு இருக்கீங்க என்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்க வைத்தேன். தண்ணீர் வாசகனுக்கு உடனே தைக்கும், விளக்கம் வேண்டாம். நான்கு தடவையை இரண்டாகக் குறைத்தேன், நான்கு நீளம். இத்தனையும் திருத்தம், கைத்திறன், கதைக்காகச் செய்தது. நான் செய்ததைத் தூக்கி ஆறு வருடம் பீ அள்ளினவள் தலையில் வைத்ததற்கு என்னிடம் இப்படி நான்கு அழகியல் காரணம் இருக்கிறது. பெயர்தான் மாற்றிவிடப் போகிறோமே என்பது ஐந்தாவது.

பதினொன்றரைக்குப் போட வேண்டிய சொட்டு மருந்து ஞாபகம் வந்தது. வந்தது என்ன, பத்தரையிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொட்டு விட்டால் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனேன். "அதுக்குள்ள மணியாயிடுச்சா? கரெக்டா எடஞ்சல் பண்ண வந்துடு" என்று தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். இமையை விரலால் விலக்கி ஒரு சொட்டு. கண் சிவந்திருந்தது, மருந்தாலா, படித்ததாலா, வேறெதனாலாவதா என்று தெரியவில்லை. மூடிக்கொண்டாள். புத்தகத்தை அவள் மடியிலிருந்து எடுத்தேன். "பக்கத்தை விட்டுடாதே. இருபத்தொம்பதுல நிக்கிறேன்" என்றாள் மூடிய கண்ணோடு. ஒரு தாள் தள்ளினேன். பேனா மூடியைத் திறந்தேன், சத்தம் வராமல். ஐந்து நிமிடம் தாராளம், எனக்கு நாலு விநாடி போதும். ஆனால் அடித்தல் என்பது என்ன? அச்சுப் பக்கத்தில் கண் முதலில் போகிற இடம் அடித்த இடம். கோட்டுக்குக் கீழே தையல்நாயகி தெளிவாகத் தெரிவாள், மேலே ஈர மை. அடிக்காவிட்டால் அது பிழை. இப்போது அடித்தால் ஒப்புதல். இதெல்லாம் யோசித்தேன், உண்மைதான். ஆனால் பேனாவை மூடியது அதனால் இல்லை. அந்தப் பத்தியைத் தற்செயலாக மறுபடி படித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது. கேட்டது, எழுந்திருக்கவில்லை என்று இரண்டு சின்ன வாக்கியமாக அறுத்தது, அதற்கு முந்தின நீள வாக்கியத்தின் மூச்சு அங்கே நின்றுபோவது, நானா எழுதினேன் என்றிருந்தது. இவள் படிக்கட்டும் என்று தோன்றிவிட்டது. இவள் படித்து என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும் போலிருந்தது. இதற்கு மேல் என்னைப் பற்றி எனக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. தாளைப் பின்னால் தள்ளி, இருபத்தெட்டு இருபத்தொன்பதைத் திறந்து, அவள் மடியில் வைத்தேன். "இருபத்தொம்பதுதானே?" என்றாள்.

மேஜைக்கு வந்து மீதி மூன்று பிரதிகளையும் அடித்து முடித்தேன். ஒன்பது. ஹாலில் தாள் திரும்பியது. முப்பது. இடப்பக்கம் மூன்றரை நிமிடம். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்திருக்கலாம், தபால் பிரித்திருக்கலாம், இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டாம். ஆபீஸில் ஒருவர் இருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கல்யாணப் பத்திரிகை தவிர எதையும் படிப்பதில்லை என்று சபதம் செய்து, நிம்மதியாகச் செத்துப்போனார். அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறேன்? அச்சுப்பிழை என்பது ஒன்று. கதைக்கா, கதைன்னா நாலு சேத்துத்தான் எழுதணும் என்பது ஒன்று. இரண்டுமே மதிப்புரையாளனுக்குச் சொல்கிற பதில். கதவுக்கு அந்தப்பக்கம் மின்விசிறி மட்டும் ஓடுகிறது. உதட்டசைவின் முணுமுணுப்பு நின்றுவிட்டதோ. தாள் திரும்பவில்லை. ஏழு நிமிடம் ஆயிற்று. எட்டு. பத்து. தாள் திரும்பவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம். செருப்பு.

புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேஜையிலிருந்த அடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சபேசா, இதுல ஒரு தப்பு இருக்குடா."

"தெரியும்க்கா. குணசேகருக்குச் சொல்லிட்டேன். தட்டின பொண்ணு விட்டுட்டா. பேரு..."

"பேரைச் சொல்லல. அவர் தண்ணி கேக்கலையே."

விரல் வைத்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"யாரு இருக்கீங்கன்னுதானே கேட்டார். நாலு தடவை. நீ ரெண்டுன்னு போட்டிருக்கே."

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி உயிரோடு இருந்தபோது அவளிடமும் சொன்னதில்லை, முதல் படியில் எழுதிய தாளையும் கிழித்தாயிற்று. அந்த இரண்டு சொற்களும் நான்கு என்ற எண்ணும் உலகத்தில் என் ஒருவனிடம்தான் இருந்தன. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த எண்.

"கடைக்குப் போனேன்தான். எண்ணெய் வரலைன்னு சொல்லிட்டான். சந்து வழியா அடுக்களைக்குள்ள வந்தேன். கால் ரெண்டும் கடுகடுன்னு இருந்துச்சு, அஞ்சு நிமிஷம்னு தரையில சாஞ்சேன். கூப்பிட்டார். விடியக்காலையிலேர்ந்து எத்தனை தடவை எந்திரிச்சேன்னு எனக்கே தெரியாது. இந்த ஒரு தடவை அவரே கூப்பிட்டு அலுத்துப் போகட்டுமேன்னு படுத்திருந்தேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அப்புறம் சத்தம் நின்னுச்சு. நிம்மதியா இருந்துச்சுடா. தூங்கிட்டேன். எந்திரிச்சுப் போய்ப் பாக்கறப்ப மணி நாலரை. கடையிலேர்ந்து இப்பதான் வந்தேன்னு ஊர் பூரா அழுதேன். உன்னையும் ஏமாத்திட்டேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். கையை மடக்கித் தலைக்கு வெச்சிருந்தான்னு எழுதியிருக்கே. லைப்ரரியிலேர்ந்து வர்றப்ப சந்துப்பக்கமா வந்து எட்டிப் பாத்தியா?"

நான் முன்னறையில், அவள் அடுக்களையில், நடுவில் இரும்புக் கட்டில். யாரு இருக்கீங்க. இரண்டு பேர் இருந்தோம்.

"இருபத்தாறு வருஷமாத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே நீ. எவ்ளோ சண்டை போட்டிருக்கோம், ஒரு தடவைகூட வாயில வரலையே உனக்கு." அவள் முகத்தில் அப்படி ஒரு லேசான தன்மையை நான் பார்த்ததில்லை. அழவில்லை. ஆபரேஷன் ஆன கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது, அது மருந்து.

இங்கே நிறுத்து என்று அடுத்தவன் கதையாக இருந்தால் ஓரத்தில் எழுதியிருப்பேன். நல்ல இடம். இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் கெட்டுவிடும். அவளுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது, எனக்கு இல்லாத ஒரு பெருந்தன்மை கிடைத்துவிட்டது, ஆமாம் பார்த்தேன் என்று ஒரு பொய்தான் பாக்கி. நான் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசிப் பத்தியை எடுக்காமல் விட்டேன்.

"அக்கா, நான் பாக்கல. நான் முன்னறையில இருந்தேன்."

"லைப்ரரிக்குப் போயிருந்தே."

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை. லைப்ரரி லீவு. பத்து நிமிஷத்துல திரும்பி வந்துட்டேன். ஒரு கதை எழுதிட்டிருந்தேன். எனக்கும் கேட்டுது. நாலு தடவையும் கேட்டுது. நான்தான் எந்திரிக்கல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு எட்டி என் முழங்கையைத் தட்டினாள், கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

"கிழமையெல்லாம் எவ்ளோ சரியா வெக்கிறே."

"நெஜமாக்கா. கடைசிப் பத்தி..."

"சரிடா. நீ எப்பவும் இப்படித்தான், அடிவாங்கற பசங்களுக்கு நடுவுல போய் நிப்பே." நான் ஒருநாளும் நின்றதில்லை. "எனக்காகப் புதுசா ஒண்ணு கட்டாதே. இதுவே நல்லாத்தான் இருக்கு." புத்தகத்தை விரித்து மேஜையில் வைத்தாள், முப்பத்தோராம் பக்கம் மேலே. "தண்ணியை மட்டும் மாத்திடு. அவர் கேட்டதைப் போடு. பேரு இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல." எழுந்தாள். ஒன்பது பிரதிகளில் பெயரை அடித்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "காப்பி போடறேன். நீ போட்டா ரெண்டு பேரும் குடிக்க மாட்டோம்" என்று போனாள்.

பேனாவை எடுத்தேன். தண்ணீர், தண்ணீர் என்பதை ஒரே கோட்டில் அடித்து மேலே யாரு இருக்கீங்க என்று எழுதினேன். நான்கு தடவை எழுத ஓரத்தில் இடம் போதவில்லை. இரண்டை மேலே எழுதி, மீதி இரண்டுக்கு அம்புக்குறி போட்டுக் கீழே கொண்டுபோகலாம். கீழே கொண்டுபோனால் அந்த வரி இன்னும் தாமதமாக வரும், அது நல்லதுதான், எழுந்திருக்கவில்லை என்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி கிடைக்கும். இடைவெளி வேண்டுமா? நாலாவது தடவை தனிப் பத்தியாக நின்றால்? அப்படியென்றால் முந்தின நீள வாக்கியத்தை உடைக்க வேண்டும். அடுக்களையில் பாத்திரம் உருண்டது.

"சபேசா, இந்த காஸைப் பத்த வெச்சுக் குடேன். கண்ணு மங்கலா இருக்கு, தீக்குச்சி எங்க போகுதுன்னு தெரியல."

உடைத்தால் இரண்டு பாதியும் நிற்காது. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டால்?

"சபேசா."

கேட்டது.